எது எதனால் விழுந்தது?

மரக்காணம் உப்பளப் பக்கம் இருளர் குடும்பங்கள் நிறைய. அந்தச் சனத்தின் கதையைச் சொன்ன 'ஜெய் பீம்' படத்துக்கு, 2023 ஆகஸ்டில் அறிவித்த 69-வது தேசிய விருதுகளில் ஒன்றுகூட இல்லை. 'கடைசி விவசாயி' சிறந்த தமிழ்ப்படம் ஆனதில் எனக்குச் சண்டையே கிடையாது, நல்ல படம். ஆனால் தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' படத்துக்கு! இது எந்த ஊர் அளவுகோல், சாமி?

நடுவர்களை நியமிப்பது ஒன்றிய அரசு. மண்டலக் குழு வடிகட்டி அனுப்பும், மத்தியக் குழு முடிவு செய்யும். உள்ளே பேசியது வெளியே வராது. மாநில அரசு மட்டும் என்ன வாழுதாம்? 2009 முதல் 2014 வரைக்குமான விருதுகளை 2017இல் மொத்தமாக அறிவித்து, 2022இல்தான் மேடை போட்டுக் கொடுத்தார்கள்.

எங்க ஊரில் உப்பு மூட்டையைக்கூட ஆள் பார்க்கத்தான் எடை போடுவாங்க. எந்தப் படம் எதனால் விழுந்ததுன்னு நாலு வரி எழுதி வெளியிட இவங்களுக்கு என்ன கேடு?