தரம் பார்த்துப் பூட்டும் விலங்கு

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவைப் பற்றி மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறதே என்று நமக்கும் அலுப்புத்தான். ஆயினும், கைது செய்யும் வேளையிலும் நீதிபதி முன் நிறுத்தும் வேளையிலும், குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் உத்தேசித்து, பட்டியலிட்ட சில வகையினர் கையில் விலங்கு பூட்டலாம் என்று காவல் அதிகாரிக்கு அனுமதி அளித்து, 2024 ஜூலை முதல் தேதி தொட்டு அதை அமலுக்கும் கொண்டுவந்துவிட்டவர்கள், தாங்கள் செய்த காரியம் இன்னதென்று உணர்ந்ததாக ஓர் அறிகுறியும் காட்டாதபோது, வாளாவிருப்பது பத்திரிகை தர்மமாகாது.

டில்லிச் சிறையிலிருந்து விசாரணைக் கைதி ஒருவர் அனுப்பிய தந்தியை மனுவாக ஏற்று, 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பை வாசகர்கள் அறிவார்கள். கேரளத்தில் சிறைத்துறை மந்திரியாகவும், அதற்கு முன்பு தாமே சிறைவாசியாகவும் இருந்த அவர், சுதந்திரம் பறிக்கப்பட்ட எவரும் மனிதப் பிறவிக்கே உரிய கண்ணியத்தோடு நடத்தப்பட வேண்டும் என்று சொல்லும், குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 10ஆம் ஷரத்தைச் சான்றாக நிறுத்தி, சாட்டப்பட்ட குற்றம் எத்தகையது என்பது அளவுகோலாகாது, தப்பியோடும் அபாயம் கண்முன் உண்டா என்பதே கேள்வி என்று வரையறுத்தார். அவ்வுடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது அதற்கு முந்தைய வருஷம், 1979இல். (1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் ஷரத்தில் ஆடவரை மட்டும் குறித்த சொல்லை எடுத்துவிட்டு, மனிதப் பிறவிகள் அனைவரையும் குறிக்கும் சொல்லை வைக்க வாதாடியவரும் நம் பிரதிநிதியான ஹன்ஸா மேத்தாதான், இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் யோக்கியதை நமக்கு இன்னும் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.) அந்தத் தீர்ப்பு எந்த அளவுகோலை விலக்கியதோ, அதையே புதிய பிரிவு எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது.

அதனினும் நம் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. பழைய பஞ்சாப் போலீஸ் விதிகளில் கைதிகள் இரு தரமாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். மேல் தரத்தாருக்கு விலங்கில் சலுகை, மற்றவர்களுக்கு இல்லை. அந்தப் பாகுபாடு அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதது என்று 1980இல் தள்ளப்பட்டது. இப்போது அதன் சாயல் திரும்பியிருக்கிறது. புதிய சட்டத்துக்காக 2023 ஆகஸ்டில் வந்த முதல் மசோதாவின் விலங்குப் பட்டியலில் பொருளாதாரக் குற்றங்களும் இருந்தன. நாடாளுமன்ற நிலைக்குழு அவற்றை எடுத்துவிடச் சொல்லிற்று. டிசம்பரில் திரும்பி வந்த மசோதாவில் அவை இல்லை. கள்ள நாணயம் அடித்தவனோ பட்டியலில் அப்படியே இருக்கிறான். ஒரு நூறு ரூபாய் நோட்டைப் போலியாக அச்சிட்டவன் கை விலங்குக்கு ஏற்றது. வங்கியின் கோடிகளைத் தனியொருவராகச் சுருட்டியவர் கை அதற்கு ஏற்றதன்று! அவருக்கும் பூட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அவரை விலக்கியது சரியென்றே சொல்கிறோம். அவர் விஷயத்தில் விளங்கிய நியாயம், வக்கீல் வைக்க வழியில்லாதவன் விஷயத்தில் ஏன் விளங்காமற் போயிற்று என்பதே நம் கேள்வி.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் இக்காட்சியைக் காணலாம்: சங்கிலியின் மறுநுனியை ஒரு காவலர் பிடித்திருக்க, தண்ணீர்ப் புட்டியை இரு கைகளாலும் சேர்த்துத் தூக்கிக் குடிக்கிறான் ஒருவன், சட்டையெல்லாம் நனைகிறது, மூன்றடி தூரத்தில் அவன் மகள் அப்பாவின் முகத்தைப் பாராமல் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் குற்றவாளியா அல்லவா என்று இன்னும் எவரும் சொல்லியாகவில்லை. நீதிபதியின் முன் நிற்கையில் விலங்கைக் கழற்றிவிட வேண்டும் என்று, 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் கூறுகின்றன. நம் சட்டமோ நீதிபதி முன்னிலைக்கென்றே விலங்கைப் பூட்டி அனுப்புகிறது.

கைதியின் கண்ணியத்தைப் பொருட்படுத்தாதது ஆள்வோருக்குப் புதிய பழக்கமன்று. ஆட்கள் மாறினாலும் மேசை அதேதான். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இல் கையொப்பமிட்டு வந்தவர்கள், அதை உறுதிசெய்யும் சடங்கை இன்றுவரை முடித்த பாடில்லை. 2010இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையின் தேர்வுக்குழுவுக்குப் போய், பிறகு காலாவதியாயிற்று. 2017இல் சட்ட ஆணையம் மாதிரிச் சட்டமே எழுதிக் கையில் கொடுத்தது. அலமாரிக்கு ஒரு புத்தகம் கூடிற்று. 1995இல் குவாஹாத்தி மருத்துவமனையில் கைதிகள் ஏழு பேரைக் கட்டிலோடு விலங்கிட்டு வைத்திருந்ததை, பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கடிதம் எழுதி உச்ச நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. நோயாளியைக் கட்டிலில் பூட்டியவர்கள் அதற்காக வெட்கப்பட்டதாகச் செய்தி எதுவும் நாம் படித்ததில்லை.

இந்தப் பிரிவை ஆள்வோர் ஆற அமர மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதுவரை நீதிபதிகளாவது, தம் முன் நிறுத்தப்படுகிறவரின் கைகளை ஒருமுறை பார்த்துக் காரணம் கேட்க வேண்டும். சட்டத்தில் ஒரு சொல்லை எடுப்பது எளிதல்ல என்று எவரும் சமாதானம் கூற வேண்டாம். பொருளாதாரக் குற்றவாளிகளை அந்தப் பட்டியலிலிருந்து விடுவிக்க அவர்களுக்கு நான்கே மாதங்கள் போதுமானதாயிருந்தன.