கேரவனில் போய் ஊர் பார்க்கிறார்களாம்!

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் ரொம்ப நாளாக ஒரே அர்த்தம்தான். ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டுக்கொண்டு உட்காரும் வண்டி. இப்போது அது பொதுஜனத்துக்கும் வந்துவிட்டது. கேரள அரசு 2021-ல் இதற்கென்றே ஒரு சுற்றுலாக் கொள்கை அறிவித்தது. வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கக்கூஸ், தண்ணீர் டேங்க். இதில் ஏறிப் போய்வந்து, "சொந்த நாட்டையே பார்த்துட்டோம்" என்று யூடியூபில் பத்து எபிசோடு போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது.

சுற்றினார்கள், சரி. பார்த்தார்களா?

சென்னை - பெங்களூர் ஹைவேயை எடுத்துக்கொள்ளுங்கள். வாலாஜா, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி. இந்த வழியில் வேன் நிற்கிற இடம் ஆம்பூர். எதற்கு? பிரியாணிக்கு. சீரக சம்பா, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய், ஒரு செல்ஃபி. பிரியாணியைக் குறை சொல்ல யாராலும் முடியாது :-) ஆனால் சாப்பிட்டுவிட்டு, கையோடு கொண்டுவந்த தண்ணீரைக் குடித்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்களே! அந்த ஊர்களின் கதையே தண்ணீரில்தானே இருக்கிறது.

உப்புப் போட்டு வரும் தோலை முதலில் ஊறவைத்து அலச வேண்டும். அப்புறம் சுண்ணாம்பு, அப்புறம் பதனிடுதல். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள். குரோமியம் வந்தது, வேலை சீக்கிரம் முடிந்தது, கழிவு விஷமானது. கிலோவுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அத்தனையும் எங்கே போனது? பாலாற்றுக்கும் வயலுக்கும் கிணற்றுக்கும்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் வழக்குப் போட்டது. சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவனே செலவை ஏற்கவேண்டும் என்றும் சொன்னார்கள். சொல்லி 28 வருஷம் கழித்து, 2025 ஜனவரி 30-ல், நஷ்டஈட்டைக் கொடுத்து முடியுங்கள் என்று அதே கோர்ட் மறுபடி உத்தரவு போட வேண்டிவந்தது!

வாலாஜாவில் இருந்து பக்கத்தில்தான் ராணிப்பேட்டை. 1990-களில் மூடிப்போன குரோமேட் ஆலை ஒன்று அங்கே விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல். 2006-ல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ஓர் அமெரிக்க அமைப்பு ராணிப்பேட்டையைச் சேர்த்தது. 2015 ஜனவரியில் அங்குள்ள சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்துப்போனார்கள்.

"லீவுக்குப் போறவன் சாக்கடையையா போய்ப் பார்ப்பான்?" என்பீர்கள். பார்க்க வேண்டாம் சாமி. பஸ்ஸில் வந்து ஆம்பூரில் இறங்குகிறவன் எதையும் தேடிப் போவதில்லை. அவனுக்குத் தாகம் எடுக்கும், டீக்கடையில் தண்ணீர் கேட்பான். கேட்டால் பேச்சு வளரும். சாயங்காலம் ஷூ கம்பெனி பஸ்களில் கூட்டம் கூட்டமாக வீடு திரும்பும் பெண்களைப் பார்ப்பான். கிணறு கெட்டுப்போன அதே வீட்டுக்கு ஷூ கம்பெனிச் சம்பளம்தான் சோறு போடும் என்பது அப்போது உறைக்கும். தோல் தொழிலைத் திட்டுவதும் சுலபமில்லை, புகழ்வதும் சுலபமில்லை என்று புரியும். எல்லாவற்றையும் வேனுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வருகிறவனுக்கு யாரிடமும் எதுவும் கேட்கவேண்டிய அவசியமே வராது. அதைத்தான் 'சுதந்திரம்' என்று விளம்பரம் செய்து விற்கிறார்கள்.

(இன்னொன்று. அந்த வேனின் கக்கூஸ் டேங்க் எங்கே காலியாகிறது? அதை எபிசோடில் காட்டுகிறவர்கள் அபூர்வம். தோல் ஷாப்பைப் பார்த்து மூக்கைப் பொத்துவதற்கு முன்னால் அதையும் கொஞ்சம் சொல்லலாம்.)

இதே ஹைவேயில் வண்டியிலேயே தூங்கி, வண்டி ஓரத்திலேயே ஸ்டவ் வைத்துச் சமைத்துச் சாப்பிடும் ஒரு கூட்டம் பல காலமாக இருக்கிறது. லாரி டிரைவர்கள். புது லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற விதியே 2025-ல்தான் அமலுக்கு வந்தது. அவர்கள் பயணத்துக்கு யாரும் 'வேன் லைஃப்' என்று பெயர் வைக்கவில்லை. அடுத்த முறை பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி வேனை ஓரங்கட்டினால், பக்கத்து லாரிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இங்கே குடிக்கிற மாதிரி தண்ணி எங்கே கிடைக்கும்?"