தாடை மூட்டுப் பரிசோதனையும் வடசென்னையில் கேட்கப்படாத கேள்விகளும்

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினால் தோலுக்கடியில் அசைவது தெரியும் தாடை மூட்டு, கீழ்த்தாடையின் உருண்ட முனை மண்டையோட்டின் பொட்டெலும்புக் குழியில் அமர்ந்து, இரண்டுக்கும் இடையே மெல்லிய நார்த்திசுத் தட்டு ஒன்றைக் கொண்டு இயங்குவதாகும். வாய் அகலத் திறக்கும்போது அந்த முனை குழிக்குள் சுழல்வதோடு நில்லாமல், தட்டையும் இழுத்துக்கொண்டு முன்னோக்கி வழுக்குகிறது. இம்மூட்டிலோ அதை இயக்கும் தசைகளிலோ கோளாறு நேரும்போது வலி காதிலும் பொட்டிலும் கன்னத்திலும் பரவி உணரப்படுவதால், ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் தொழிற்பகுதியில் பலர் இதைக் காது வலி என்றே எண்ணி, மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் பார்த்த பிறகே ஸ்டான்லி மருத்துவமனைக்கோ, கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ வந்து சேர்கிறார்கள்.

அங்கு வருபவர் பெரும்பாலும் எதிர்பார்ப்பது ஸ்கேன். ஆனால் இந்நோயைக் கண்டறிவதில் முதன்மையானவை கேள்விகளும் மருத்துவரின் விரல்களும்தான். 1992இல் ஆய்வு நோக்கில் வகுக்கப்பட்டு, 2014இல் மருத்துவமனைகளிலும் பயன்படும்படி திருத்தி வெளியிடப்பட்ட பன்னாட்டு நோயறி வரையறைகள், பரிசோதனையை இரண்டு அச்சுகளாகப் பிரிக்கின்றன: ஒன்று, மூட்டிலும் தசையிலும் காணப்படும் உடல் மாற்றங்கள், மற்றொன்று, அந்த வலி ஒருவருடைய உறக்கத்தையும் மனநிலையையும் அன்றாட வேலையையும் எவ்வளவு பாதித்திருக்கிறது என்பது. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் முதலாவது அவசரமாக நடக்கிறது, இரண்டாவது பெரும்பாலும் நடப்பதே இல்லை.

உடல் பரிசோதனை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டுவது. மேல், கீழ் முன்பற்களுக்கிடையே வாய் எவ்வளவு திறக்கிறது என்பது அளவுகோலால் அளக்கப்படுகிறது. வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 40 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அதாவது நோயாளியின் சொந்த விரல்கள் மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக நுழைய வேண்டும். நோயாளியால் தாமாக மேலும் திறக்க முடியாதபோது மருத்துவர் தம் விரல்களால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். வலியோடு இன்னும் சில மி.மீ. விரிந்தால் தசையின் மீதும், சட்டென்று தடைப்பட்டு நின்றால் நழுவிய தட்டின் மீதும் ஐயம் விழும். திறக்கும்போது தாடை ஒரு பக்கமாக விலகுகிறதா, ‘டக்’ என்ற ஒலி கேட்கிறதா, மணல் அரைபடுவது போன்ற கரகரப்பு உண்டா என்பன கவனிக்கப்படும். பின்னர் கன்னத்துத் தசையும் பொட்டுத் தசையும் ஏறத்தாழ ஒரு கிலோ விசையில் அழுத்தப்படும். அப்போது ‘வலிக்கிறதா’ என்பதைவிட முக்கியமான கேள்வி, ‘நீங்கள் சொல்லிக்கொண்டு வந்த வலி இதுதானா’ என்பது. வலியில்லாத வெறும் ஒலி பலருக்கும் உண்டு, அதற்குச் சிகிச்சை தேவையில்லை.

வாய் திறக்கவில்லை என்பதாலேயே மூட்டுக் கோளாறு என்று முடிவு செய்வது இப்பகுதியில் ஆபத்தானது. பாக்குத் தூளோடு புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துப் பிசையும் மாவா, துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையிலும் இரவு ஷிப்டிலும் தூக்கத்தையும் பசியையும் தள்ளிப்போடும் துணையாக வாய்க்குள் ஒதுக்கப்படுகிறது. பாக்கிலுள்ள வேதிப்பொருள்கள் கன்னத்தின் உட்சவ்வுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருகச் செய்து, சவ்வை வெளிறிய பட்டைகளாக இறுக்கிவிடுவதால் வாய் ஆண்டுக்காண்டு குறுகுகிறது. காரம் பட்டால் எரியும், நாக்கை முழுதாக நீட்ட இயலாது, ஆனால் மூட்டில் வலி இருக்காது. எர்ணாகுளம் மாவட்டத்தில் இவ்வாறு சவ்வு இறுகியவர்களை 17 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வில் 7.6 விழுக்காட்டினருக்கு அது வாய்ப் புற்றுநோயாக மாறியது. ஆகவே கன்னத்தின் உட்புறத்தை விளக்கொளியில் பார்க்காமல் தாடைக்குப் பயிற்சி மட்டும் எழுதிக்கொடுப்பது சிறிய பிழையன்று. புகையிலை கலந்த குட்கா, பான் மசாலா வகைகளைத் தமிழ்நாடு அரசு 2013இல் தடை செய்ததன் பக்கவிளைவாக நோயாளிகள் இப்பழக்கத்தை மறைக்கவும் கற்றுக்கொண்டார்கள்; ‘கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா’ என்று மனைவி மக்கள் முன்னிலையில் கேட்டால் இல்லை என்ற பதிலே வரும், ‘வேலை நேரத்தில் வாயில் என்ன போட்டுக்கொள்கிறீர்கள்’ என்று தனியே கேட்டால் உண்மை வெளிவர வாய்ப்புண்டு.

பழைய அடி பற்றிய கேள்வியும் இவ்வாறே விடுபடுகிறது. லாரிகள் மொய்க்கும் சாலைகளில் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து முகவாய் கிழிந்தவருக்குத் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் முகவாயில் விழுந்த அடியின் விசை தாடை எலும்பு வழியே மேலேறி, காதருகே உள்ள முனையை முறித்திருக்கக்கூடும். குழந்தைகளிடத்தில் இம்முறிவு கவனிக்கப்படாமல் போனால், மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டி, வாய் திறக்காமலும் தாடை வளராமலும் நின்றுவிடும் நிலை உருவாகலாம். அதை அறுவைச் சிகிச்சையால்தான் விடுவிக்க வேண்டும்.

இத்தகைய ஐயங்கள் எழும்போதுதான் படங்கள் பயன்படுகின்றன. இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே முறிவையும் பல்நோயையும் முதற்கட்டமாகக் காட்டும், சி.டி. எலும்பைத் தெளிவாகக் காட்டும், எம்.ஆர்.ஐ. தட்டின் இடத்தைக் காட்டும். எனினும் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தட்டு நழுவியிருப்பதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியிருப்பதால், படத்தில் நழுவல் தெரிந்தது என்பதற்காகவே வலிக்கு அதைக் காரணமாக்க முடியாது. வலிக்கு அவசரமாக ஒரு காரணத்தைச் சுட்டுவது தவறான சிகிச்சைக்கும் வழிவகுத்திருக்கிறது: செயின்ட் லூயிஸ் நகரக் காது மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் 1934இல் கடைவாய்ப் பற்களின் இழப்பையும் காதுத் தொல்லைகளையும் இணைத்து எழுதியதைத் தொடர்ந்து, மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் கடியைச் சரிசெய்வதாகக் கூறிப் பல்லாண்டுகள் நல்ல பற்கள் ராவப்பட்டன. 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டல் மேற்பார்வையோடு கூடிய தாடைப் பயிற்சிகளையும் மனநலம் சார்ந்த சிகிச்சையையும் முன்னிறுத்தி, கடியை நிரந்தரமாக மாற்றும் முறைகளைத் தவிர்க்கச் சொல்கிறது. முதல் நாளிலேயே பல்லை ராவவோ பல்வரிசையை மாற்றவோ யாரேனும் முன்வந்தால், வேறொரு மருத்துவரிடம் காட்டுவது நியாயமானது.

தாடையில் உணரப்படும் வலி எல்லாம் தாடையிலிருந்தே வருவதில்லை. நடக்கும்போது அல்லது சுமை தூக்கும்போது தாடையில் இறுக்கம் எழுந்து, ஓய்வெடுத்தால் அடங்குமானால் அது இதயத்தின் வலியாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் போக வேண்டியது பல் மருத்துவரிடம் அல்ல. கன்னத்தில் மரத்துப்போதல், கழுத்தில் கட்டி, காய்ச்சலோடு கூடிய வீக்கம், ஆறாத வாய்ப்புண் ஆகியவையும் காத்திருக்க விடத்தக்கவை அல்ல.

மற்ற பெரும்பாலோர் ஒரு வருகையில் குணமாகிவிடுவதில்லை; சில வாரங்கள் கழித்து மீண்டும் வந்து காட்ட வேண்டியிருக்கும், ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது இன்னொரு நாள் கூலி. மறுமுறை அமர்ந்திருக்கும் மருத்துவர் வேறொருவராகவும் இருப்பார். அவர் முன்னேற்றத்தை அறிய உதவுவது முதல் நாள் ஓ.பி. சீட்டில் எழுதப்பட்ட வாய் திறப்பின் மி.மீ. அளவு ஒன்றுதான், ‘தாடை வலி, மாத்திரை ஐந்து நாள்’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், அந்த அளவையும் குறித்துத் தரும்படி நோயாளி கேட்கலாம், கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை.