படம் போய்விட்டதா? பதறாதீர்கள்!



நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு மூன்று நாட்கள் இருக்கும். இஷாவுக்குப் பின்னர் என் பழைய மாணவி ஒருத்தி, தம்பியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்து, தபால் முத்திரை அளவான கறுப்புத் துண்டொன்றை மேசையில் வைத்தாள். கமராவின் மெமரி கார்ட்.

“மௌலவி, வாப்பாட படம் எல்லாம் இதுக்குள்ளதான் இருந்திச்சு. தம்பி தெரியாம அமத்திட்டான்” என்றாள்.

அவர்களுடைய வாப்பா மௌத்தாகி இரண்டு ஆண்டுகள். படம் பிடிக்க விடாத மனிதர். போனை நீட்டினாலே முகத்தைத் திருப்பிக் கொள்வார். வீட்டில் இருந்த பழைய அல்பங்களை 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டு போய்விட்டது. 2013 இல் மூத்த மகளின் கலியாணத்தன்று மட்டும், கட்டாரிலிருந்து வந்திருந்த மைத்துனரின் வற்புறுத்தலுக்காகக் கமராவுக்கு முன்னால் நின்றார். கமராவும் கார்ட்டும் அதன் பின்னர் லாச்சிக்குள்ளேயே கிடந்தன. யாரும் பிரதி எடுக்கவில்லை. பெருநாளன்று பையன் பெட்டரியைச் சார்ஜ் ஏற்றிக் கமராவைத் திறந்தான். “கார்ட்டில் கோளாறு, போர்மட் செய்யவா?” என்று திரை கேட்டது. ஆம் என்று அமத்திவிட்டான்.

நான் கேட்ட முதற் கேள்வி, “அதற்குப் பிறகு படம் எடுத்தாயா?” என்பதுதான். “மூணு படம் எடுத்தன்” என்றான். கார்ட்டின் ஓரத்திலுள்ள பூட்டைக் கீழே தள்ளிவிட்டு, இனி இதை எதிலும் போட வேண்டாம் என்று கூறினேன்.

நான் கமரா நிபுணன் அல்லன். பாடசாலை விழாக்களில் படம் பிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததனால், பல தவறுகளைச் செய்து பாடம் படித்தவன். அந்தப் பாடங்களையே இம்முறை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன். இன்று பலரிடம் கமரா இல்லை என்றாலும், போனுக்குள் போடும் சிறிய கார்ட்டுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

கார்ட்டுக்குள் என்ன இருக்கிறது?

ஃபிளாஷ் மெமரி என்ற இந்தத் தொழில்நுட்பத்தை 1980களில் உருவாக்கியவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியியலாளர். நாம் பாவிக்கும் எஸ்டி கார்ட்டை 1999 இல் தோஷிபா, பானசோனிக், சான்டிஸ்க் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்தன. உள்ளே சுழலும் தட்டோ, ஊசியோ கிடையாது. கோடிக்கணக்கான நுண்ணிய அறைகளில் மின்னேற்றம் சிறைப்பட்டிருக்கிறது. அதுவே படம்.

இனி, முக்கியமான விடயத்துக்கு வருவோம். ஒரு கிதாபை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடம் எந்தப் பக்கத்தில் என்பதை அதன் ஃபிஹ்ரிஸ்த், அதாவது பொருளடக்கம், சொல்லும். கார்ட்டிலும் அப்படியொரு பொருளடக்கம் உண்டு. நாம் ஒரு படத்தை அழிக்கும்போது, பொருளடக்கத்தில் அதன் பெயருக்கு ஓர் அடையாளம் இடப்படுகிறது. சாதாரணமாகப் போர்மட் செய்யும்போது பொருளடக்கமே வெறுமையாக்கப்படுகிறது. பக்கங்களோ பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன! புதிய படம் எடுத்தால்தான் பழைய பக்கத்தின் மேல் புதிய எழுத்து விழுகிறது. அப்படி எழுதப்பட்ட பக்கம் திரும்பி வராது. நான் அந்தப் பையனிடம் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

படம் போனால் என்ன செய்வது?

ஒன்று: உடனே கமராவை நிற்பாட்டுங்கள். மேலும் ஒரு படமும் எடுக்காதீர்கள். “போர்மட் செய்யவா?” என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள்.

இரண்டு: கார்ட்டை வேறொரு ரீடரில் போட்டுப் பாருங்கள். பல வேளைகளில் பழுது கார்ட்டில் அல்ல, ரீடரிலோ வயரிலோ இருக்கும். கம்பியூட்டர், “இதைத் திருத்தவா?” என்று கேட்டாலும் அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம். முதலில் படங்களை மீட்க வேண்டும். திருத்தம் அதற்குப் பிறகு.

மூன்று: மீட்பதற்கென்று மென்பொருட்கள் உள்ளன. ஃபோட்டோரெக் இலவசமானது. ரெகுவா என்பதற்கும் இலவசப் பதிப்பு உண்டு. ஃபோட்டோரெக் பொருளடக்கத்தைத் தேடுவதில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டி, ‘இது படத்தின் தொடக்கம்’ என்ற அடையாளத்தைக் கண்டு எடுக்கிறது. ஆகவே பழைய பெயர்கள் திரும்பாது. எடுத்த திகதி படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் அதைக்கொண்டு வரிசைப்படுத்தலாம்.

நான்கு: மீட்ட படங்களை ஒருபோதும் அதே கார்ட்டில் சேமிக்காதீர்கள். கம்பியூட்டரிலோ வேறு டிஸ்க்கிலோ சேமியுங்கள். இல்லையேல் மீட்கும் படமே, மீட்கவிருக்கும் படத்தை அழித்துவிடும்.

கார்ட்டைக் கம்பியூட்டர் சிறிதும் அடையாளம் காணாவிட்டால் மென்பொருளால் பயனில்லை. தரவு மீட்புக்கென்றே உள்ள நிலையங்களை நாட வேண்டும். செலவு கூடியது என்பதையும் அறிந்து செல்லுங்கள்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

“கார்ட் பூட்டப்பட்டுள்ளது” என்று கமரா சொன்னால் ஓரத்திலுள்ள சிறு தாழ்ப்பாளைப் பாருங்கள். தேய்ந்த தாழ்ப்பாள், கார்ட்டைச் செருகும்போது தானே கீழே சரிந்துவிடும். இது உள்ளே எந்தப் பூட்டையும் போடுவதில்லை. கமராதான் அதன் நிலையைத் தடவிப் பார்த்து அறிந்து கொள்கிறது. தாழ்ப்பாள் உடைந்திருந்தாலும் படங்களுக்கு ஆபத்தில்லை. முதலில் படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு புதுக் கார்ட் வாங்குங்கள்.

புதிதாக வாங்கிய கார்ட் பழைய கமராவில் வேலை செய்யவில்லையா? எஸ்டி வகை 2 ஜிபி வரை, எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை, எஸ்டிஎக்ஸ்சி அதற்கு மேல். உருவத்தில் மூன்றும் ஒன்றே. ஆனால் பழைய கமராவுக்குப் புதிய வகையை வாசிக்கத் தெரியாது. இது பழுதல்ல, பொருத்தமின்மை.

இன்னொன்று, போலிக் கார்ட். மேலே 128 ஜிபி என்று அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே உண்மையில் 8 ஜிபி மாத்திரமே இருக்கும். கம்பியூட்டரிலும் 128 என்றே காட்டும்படி ஏமாற்றியிருப்பார்கள். உண்மையான அளவு நிரம்பியதும், அதற்குப் பின் எடுக்கும் படங்களோ முன்பு எடுத்தவையோ பழுதாகிப் போகும். கலியாண வீட்டில்தான் இது தெரியவரும்! எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 ஆகிய இலவச மென்பொருட்கள் கார்ட்டை முழுவதும் நிரப்பி, திரும்ப வாசித்து, உண்மையைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள்.

நமது கரையின் காற்று

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நாம் வாழ்வது உப்புக் காற்றில். மாரியில் சுவரே வியர்க்கும். கார்ட்டின் பின்புறமுள்ள பொன்னிறத் தகடுகளில் ஈரமும் உப்பும் படிந்தால் தொடர்பு விட்டுப் போகும். தகடுகளை விரலால் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். கார்ட்டை அதற்குரிய பிளாஸ்டிக் கூட்டில் இட்டு, மூடியுள்ள டப்பாவில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பைக்கற்றுடன் வையுங்கள்.

கடல் நீரில் விழுந்துவிட்டதா? உடனே கமராவை இயக்கிப் பார்க்காதீர்கள். கார்ட்டை எடுத்து, நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, துடைத்து, நிழலில் ஓரிரு நாள் காய விடுங்கள். வெயிலும் வேண்டாம், அரிசி மூட்டையும் வேண்டாம். தவிட்டுத் தூசி புதிய தொல்லை.

நீரில் விழுந்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நமது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேல். அதே அலை தாய்லாந்தின் காவோ லாக் கரையில் கனடா நாட்டுத் தம்பதி ஒன்றையும் கொண்டு போனது. 2005 இல் அக்கரையில் நிவாரணப் பணிக்கு வந்த ஒருவர் நொறுங்கிய கமரா ஒன்றைக் கண்டெடுத்தார். கமரா குப்பைக்குப் போனது. கார்ட் உயிரோடிருந்தது. நெருங்கி வரும் அலையையே அத்தம்பதி படம் பிடித்திருந்தார்கள். காணாமற் போனோரின் படங்களோடு ஒப்பிட்டு, அவர்களின் பிள்ளைகளைத் தேடிச் சென்று அவர் அதை ஒப்படைத்தார். பெற்றோரின் இறுதிக் கணங்கள் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்தன.

பராமரிப்பு

சிவப்பு விளக்கு மின்னும்போது கார்ட்டை உருவாதீர்கள். அப்போதுதான் பொருளடக்கம் எழுதப்பட்டுக் கொண்டிருக்கும். பெட்டரி இறங்கும் தறுவாயில் படம் எடுப்பதும் அதே ஆபத்து. 2022 ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தை நாம் மறக்கவில்லை. ஆகவே கம்பியூட்டருக்கு மாற்றும்போது ‘வெட்டி ஒட்டுவதை’ விட்டுவிட்டுப் பிரதி மட்டும் எடுங்கள். பிரதியைத் திறந்து பார்த்த பிறகே கார்ட்டை வெறுமையாக்குங்கள். வெறுமையாக்குவதையும் கம்பியூட்டரில் அன்றி, அந்தக் கமராவிலேயே செய்யுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கார்ட் என்பது கைப்பை. அது பெட்டகம் அல்ல. சிறைப்பட்ட மின்னேற்றம் ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லக் கசியும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. லாச்சிக்குள் பத்தாண்டு கிடந்தால் படம் பத்திரமாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இரண்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். கடல் ஒரு வீட்டுக்கு வந்தாலும் மற்றது மிஞ்சும். மிகவும் முக்கியமான பத்துப் படங்களைத் தாளிலும் அச்சிடுங்கள்.

அமானிதத்தை மறவாதீர்கள்

அழித்த படம் மீளும் என்பது நற்செய்தி மட்டுமல்ல, எச்சரிக்கையும்தான். வீட்டுப் பெண்களின் கலியாணப் படங்களை அழித்துவிட்டேன் என்று நம்பி, பழைய கார்ட்டையோ போனையோ விற்கிறோம். வாங்கியவர் அவற்றை மீட்டெடுக்கலாம் அல்லவா? எனவே கார்ட்டை விற்காமல் உடைத்துவிடுவதே மேல். பிறருக்குக் கொடுத்தேயாக வேண்டுமென்றால், மேற்சொன்ன சோதனை மென்பொருளால் அதை முழுவதும் நிரப்பிவிட்டுக் கொடுங்கள். மீட்பதற்காகக் கடையில் ஒப்படைப்பதானால் தெரிந்த, நம்பிக்கையான இடத்தில், பக்கத்தில் இருந்தே செய்வியுங்கள். ஸ்டூடியோ நடத்தும் தம்பிமாரே, உங்கள் கைக்கு வரும் ஒவ்வொரு கார்ட்டும் ஒரு குடும்பத்தின் அமானிதம்.

சரி, அந்தப் பிள்ளையின் கார்ட்?

அன்றிரவு கம்பியூட்டர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் புரட்டியது. முதலில் பாதி சாம்பல் நிறமான படங்கள் வந்தன. பிறகு முழுப் படங்கள். நிகாஹ் நேரத்தில் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் படம் வந்தபோது, இருவரும் எதுவும் பேசவில்லை. அல்ஹம்துலில்லாஹ், ஏறத்தாழ எல்லாம் வந்தன.

வராதவை, கார்ட்டின் தொடக்கத்தில் இருந்த சில. அதிகாலையில் வாப்பா வாசலில் நின்று பந்தல்காரரோடு சிரித்துக்கொண்டிருந்த படம் அவற்றுள் ஒன்று என்று அவள் நினைவுபடுத்தினாள். அந்த இடத்தில், பெருநாள் உடுப்பில் எடுத்த மூன்று படங்கள் இருந்தன. தம்பி தலை குனிந்தான். “நீ வேணுமெண்டா செஞ்ச?” என்று அவள் அவன் தோளைத் தட்டினாள்.

வாசகர்களே, உங்கள் வீட்டு லாச்சியிலும் ஒரு கார்ட் கிடக்கக்கூடும். இந்த வாரமே எடுத்துப் பிரதி செய்துவிடுங்கள்.