முதல் போர்டு பெருசாவே இருக்கட்டும்

செமஸ்டர் லீவுல ஈசிஆர் வழியா பாண்டிக்குப் போயிருப்பீங்க. மரக்காணம் வந்ததும் பாத்தி பாத்தியா உப்பளம், வெள்ளை வெள்ளையா குவிச்சு வச்ச உப்பு. ஜன்னல் வழியா ஒரு போட்டோ எடுத்துட்டு மறந்துடுவோம். அந்த உப்பளத்துக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்துல கடல். வடக்கே போனா மாமல்லபுரம், கோவளம். தெற்கே பாண்டியை ஒட்டி தந்திராயன்குப்பம். இந்த மூணு ஊர்லயும் சர்ஃபிங் கத்துக்கொடுக்கிறாங்க. மரக்காணம் இதுக்கெல்லாம் நடுவுல இருக்கு. எல்லாம் ஒரே வங்கக் கடல்தான்.

2025 ஆகஸ்ட்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்துல நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்த ரீல்ஸ் பார்த்துட்டு "நானும் போர்டு வாங்கப்போறேன்"னு சொன்னவங்க நம்ம ஹாஸ்டல்லயே நிறைய பேர். ஒருத்தன் நிஜமாவே வாங்கினான். செகண்ட் ஹேண்ட், ஆறடி ஷார்ட்போர்டு, கூர்மையான மூக்கு, பார்க்க செம ஸ்டைல். இன்டர்ன்ஷிப்ல வந்த காசு மொத்தமும் அதுல போச்சு. நாலு வாரக் கடைசி கடலுக்குப் போனான். ஒரு தடவைகூட எழுந்து நிக்க முடியல. "எனக்கு பேலன்ஸே இல்லடா, இது நமக்கு செட் ஆகாது"ன்னு விட்டுட்டான். இப்போ அந்த போர்டு மேல துண்டு காயுது.

அவன்கிட்ட குறை இல்லைங்கிறது என் கருத்து. போர்டுதான் தப்பு. நம்ம கடலுக்கும் தப்பு, புதுசா கத்துக்கிற அவனுக்கும் தப்பு.

போர்டு வாங்கும்போது எல்லாரும் நீளத்தைத்தான் கேக்குறாங்க. முதல்ல கேக்க வேண்டியது எத்தனை லிட்டர்னு. ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைப் பரீட்சைக்கு மட்டும் படிச்சிட்டு விட்டுட்டோம். ஒரு லிட்டர் கடல் நீரோட எடை சுமார் 1.025 கிலோ. நண்பன் 65 கிலோ. அவன் போர்டு 28 லிட்டர். அதை முழுசா தண்ணிக்குள்ள அமுக்கினாலும் 29 கிலோவுக்கு மேல தாங்காது. மீதி எடையைத் தாங்க அவன் உடம்பும் தண்ணிக்குள்ள இறங்கணும். இறங்கினா இழுவை. கை வலிக்க வலிக்கத் துழாவினாலும் வேகம் வராது.

அலை நமக்காகக் காத்திருக்காது. ஆழம் குறைஞ்ச இடத்துல அலையோட வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா கிடைக்கும். ஒரு மீட்டர் ஆழத்துல நொடிக்கு 3.1 மீட்டர், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர் சொச்சம். அலை நம்மைத் தாண்டறதுக்குள்ள அந்த வேகத்தைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடிக்கணும். அதே கைவலுவுல நீளமான, நல்லா மிதக்கிற போர்டு அதிக தூரம் வழுக்கிப் போகும். சின்ன போர்டு போகாது.

அதனால புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஒரு எளிய கணக்கு: உங்க எடை எத்தனை கிலோவோ, குறைஞ்சது அத்தனை லிட்டர். கொஞ்சம் கூடினாலும் நல்லதுதான். 65 கிலோ ஆளுக்கு 70, 80 லிட்டர். நடைமுறையில அது எட்டு, ஒன்பது அடி ஃபோம் போர்டு. மேல்பக்கம் மெத்து மெத்துன்னு இருக்கும். நம்ம தலையில இடிச்சாலும் சரி, பக்கத்துல குளிக்கிற குழந்தை மேல பட்டாலும் சரி, கெட்டியான போர்டு அளவுக்கு அடிபடாது.

இன்னொரு விஷயம், வளைவு. ஷார்ட்போர்டோட மூக்கு மேல்நோக்கி நல்லா வளைஞ்சிருக்கும். செங்குத்தா எழும்பற அலையில இறங்கும்போது மூக்கு குத்தாம இருக்கத்தான் அது. நம்ம கரையில பெரும்பாலான நாள் வர்றது இடுப்பளவு, மிஞ்சினா நெஞ்சளவு அலை. அதுல அந்த வளைவு தண்ணியை முன்னால தள்ளி பிரேக்தான் போடும். இந்த அலைக்குத் தட்டையான அடிப்பாகம் வேணும்.

காத்தையும் பார்க்கணும். கோடையில விடியற்காலை நிலக்காத்து மேற்கே இருந்து வீசும், அலை வழவழன்னு வரும். வெயில் ஏற ஏறக் கடல்காத்து திரும்பும், அலை கலைஞ்சு போயிடும். மரக்காணத்துப் பாத்தியில தண்ணி வத்த அந்தக் காத்தும் உதவுது. உப்புக்கு நல்லது, நமக்கு ஆகாது. ஆகவே காலையிலேயே போங்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதையே வேற. 2024 நவம்பர் 30 அன்னைக்கு ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துலதான் கரையைக் கடந்தது. அந்த மாதிரி சீசன்ல கத்துக்குட்டிக்கு எந்த போர்டும் சரியான போர்டு இல்லை.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சொன்னாத்தான் நம்புவோம்னு இல்லை. சென்னையில துறைமுகம் வர்றதுக்கு முன்னாடி கப்பல்கள் ஆழ்கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும். ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகு. பலகைகளை ஆணி அடிக்காம கயித்தால தைச்சிருப்பாங்க. மணல்ல மோதினா உடையாம வளைஞ்சு கொடுக்கும். கட்டுமரமும் அப்படித்தான். கட்டைகளைச் சேர்த்துக் கட்டினது, உள்ளே தண்ணி தேங்கவே இடம் கிடையாது. நம்ம கரையோர மக்கள் அலையைப் பார்த்துட்டுதான் கலத்தைச் செஞ்சாங்க. நாம ரீல்ஸைப் பார்த்துட்டு போர்டு வாங்குறோம்.

"மாமல்லபுரம் போட்டியில எல்லாரும் ஷார்ட்போர்டுதானே வச்சிருந்தாங்க?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அவங்க வருஷக்கணக்கா தண்ணியிலயே கிடந்தவங்க. நல்ல தெற்கத்தி அலை வர்ற மாசத்துல, கூர்மையா திரும்பி பாயின்ட் வாங்க வந்தவங்க. நமக்கு முதல் வேலை திரும்பறது இல்லை, நிக்கறது. "பெரிய போர்டு சீக்கிரமே போர் அடிக்குமே?" அடிக்கட்டும். போர் அடிக்குதுன்னா கத்துக்கிட்டோம்னு அர்த்தம். அன்னைக்கு அதை ஒரு ஜூனியருக்கு வித்துட்டு அடுத்ததுக்குப் போகலாம். ஷார்ட்போர்டுல ஆரம்பிச்சா அந்த நாளே வராம போகலாம்.

அதுக்கும் முன்னாடி, உடனே வாங்காதீங்க. சொல்லிக்கொடுக்கிற இடத்துல அஞ்சாறு கிளாஸ் வாடகை போர்டுலயே போங்க. எந்த அளவுல நிக்க வருதுன்னு உடம்பே சொல்லும். காலில் கட்டுற லீஷ் கிட்டத்தட்ட போர்டு நீளத்துக்கு இருக்கணும். மரக்காணம் பக்கம் ஆளில்லாத கரையைப் பார்த்து ஆசைப்பட்டுத் தனியா இறங்காதீங்க. முகத்துவாரத்துல நீரோட்டம் இழுக்கும், வலை போட்டிருப்பாங்க, படகு கரையேறும். அங்க இருக்கிற மீனவ அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. "இன்னைக்கு வேணாம் தம்பி"ன்னு சொன்னா டீ குடிச்சிட்டுத் திரும்பிடுங்க.

நண்பனுக்கும் இதையேதான் சொன்னேன். வர்ற சனிக்கிழமை விடியற்காலை பஸ்ல கோவளம் போறோம், ஒன்பது அடி வாடகை போர்டு எடுக்கிறோம். கூர்மூக்கு போர்டை அவன் இன்னும் விக்கல. நிக்கக் கத்துக்கிட்டு அதுக்குத் திரும்பி வருவானாம். அதுவரைக்கும் துண்டு காயட்டும்.