அறுந்து அறுந்து வரும் இணைப்பு



முற்றிலும் நின்றுபோன பொருளைப் பழுதுபார்ப்பது எளிது. நின்றும் நில்லாமலும் ஓடுகின்ற பொருள்தான் நம்மைப் படாதபாடு படுத்துவது. ஓடாத கடிகாரத்தைக் கடையில் கொடுத்துவிடலாம். எப்போதாவது பத்து நிமிடம் பின்தங்குகின்ற கடிகாரத்தைக் கொடுத்தாலோ, கடைக்காரர் கையில் அது ஒழுங்காகவே ஓடும். நம் இல்லங்களுக்குள் வந்துவிட்ட இணைய இணைப்பில் நேரும் பழுதுகளுள் பலவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இத்திங்கள் அதுபற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம், நமது இல்லத்திலேயே ஏறத்தாழ மூன்று திங்கள் இப்பழுது நீடித்ததுதான். அதன்பொருட்டு நாம் செய்த பிழைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

நமது மூத்த மகள் அயர்லாந்து நாட்டில் செவிலியாகப் பணிபுரிகிறாள். குளிர்காலத்தில் நமக்கு மாலை ஆறரை மணி ஆகும்போது ஆங்கே பிற்பகல் ஒரு மணி. அவளது உணவு இடைவேளை. அந்த இருபது நிமிடப் பேச்சுக்காக அவள் அன்னை நண்பகல் முதலே காத்திருப்பார். கைப்பேசித் திரையில் முகம் தோன்றும்; நலம் விசாரிப்பு தொடங்கும்; திடீரென அம்முகம் அப்படியே உறைந்து நின்றுவிடும். மூன்று நிமிடங்கள் சென்றபின் இணைப்பு தானாகவே மீளும். அதற்குள் அவள் மீண்டும் அழைத்துப் பார்த்துச் சலித்திருப்பாள். ஒருநாள், "டாக்டர் என்னிடம் ஒன்று சொன்னார், அம்மா" என்று அவள் வாயெடுத்த வேளையில் அறுந்தது. மீண்டு வந்தபோது அவள் பணிக்குத் திரும்பிவிட்டிருந்தாள். அன்றிரவு நம் துணைவியார் உறங்கவில்லை. இரத்தச்சோகைக்கு மாத்திரை உண்ண வேண்டும் என்பதே அச்செய்தி என மறுநாள் தெரிந்தது. ஆயினும் அந்த ஓர் இரவு எத்துணை நீண்டது என்பதைப் பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பியுள்ள பெற்றோர் அறிவர்.

நமது ஐயம் முதன்முதல் இளைய மகன் மீது விழுந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் அவன் மாலையில் கைப்பேசியும் கையுமாக அறைக்குள் இருப்பவன். அவனுடைய விளையாட்டுகளும் படக்காட்சிகளுமே இணைப்பை விழுங்கிவிடுகின்றன என்று முடிவுகட்டி, மாலை ஆறு மணிக்குக் கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டுமென ஆணையிட்டோம். அவன் வைத்தான். இணைப்பு முன்போலவே அறுந்தது. அப்படியிருந்தும் ஆணையை நாம் திரும்பப் பெறவில்லை. ஒருவர் மிகுதியாகப் பயன்படுத்தினால் இணைப்பின் வேகம் குறையுமேயன்றி, அடியோடு நின்றுபோய் மூன்று நிமிடம் சென்று மீள்வது அரிது என்பதை அப்போது நாம் அறிந்திருக்கவில்லை.

அடுத்து, இணைப்பு வழங்கும் நிறுவனத்திடம் முறையிட்டோம். "பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்" என்ற ஒரே மறுமொழி நான்கு முறை கிடைத்தது. ஐந்தாம் முறை பணியாளர் ஒருவர் காலை பத்து மணிக்கு வந்தார். கண்ணாடி இழையின் வழியே வரும் ஒளியின் வலிமையை ஒரு சிறு கருவியால் அளந்தார். கழித்தல் 21 டிபிஎம் என்று அது காட்டியது. வீட்டுப் பெட்டிகளுக்குப் பொதுவாகக் கழித்தல் 8-க்கும் கழித்தல் 27-க்கும் இடைப்பட்டிருந்தால் போதுமாம். குறையேதுமில்லை என்று எழுதிக் கையொப்பம் பெற்றுச் சென்றார். அவர்மேல் பிழை சொல்வதற்கில்லை. காலை பத்து மணிக்குக் குறை இல்லைதானே!

மூன்றாவதாக, கடைக்காரர் ஒருவர் சொற்கேட்டு 2,400 ரூபாய்க்குப் புதிய ரூட்டர் வாங்கி மாட்டினோம். அன்று மாலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு இணைப்பு அறுந்தது.

இவ்விடத்தில், இணையம் வீட்டினுள் வந்துசேரும் வழியைச் சற்று விளக்குவது நலம். தெருக்கம்பத்திலிருந்து தலைமயிர் போன்ற ஒரு கண்ணாடி இழை, உறையிட்ட கம்பியின் உள்ளே வீட்டுக்குள் வருகிறது. அதில் செல்வது மின்சாரமன்று, ஒளி. அவ்வொளியை மின்குறிகளாக மாற்றித் தருவது முதற்பெட்டி. அதனின்று பெற்று, வைஃபை எனப்படும் வானொலி அலைகளாக வீடெங்கும் பரப்புவது ரூட்டர். பல வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கும். நம் வீட்டில் தனித்தனியே இருந்தன. ரூட்டர் சுவரில் கண்ணுக்குத் தெரியும்படி தொங்கிற்று; ஒளிப்பெட்டியோ தொலைக்காட்சி மேசைக்குப் பின்னால் தூசியில் கிடந்தது. அப்படியொன்று இருப்பதையே நாம் மறந்திருந்தோம். ஆக, கைப்பேசி, ரூட்டர், ஒளிப்பெட்டி, தெருவிலுள்ள இழை, நிறுவனத்தின் நிலையம் எனச் சங்கிலி நீள்கிறது. எந்தக் கண்ணி விடுபடுகிறது என்று பாராமலே கைக்கெட்டிய கண்ணியை நாம் மாற்றினோம்.

வழி காட்டியவன் மகன்தான். பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து, அறுந்த நேரம், மீண்ட நேரம், அவ்வேளையில் வீட்டில் நடந்தது ஆகியவற்றை எழுதலானான். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்தபோது, பெரும்பாலும் மாலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில், வார நாள்களில் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமைகளில் இருமுறை என்று தெரிந்தது. இரண்டு நாள்கள் மட்டும் இரவு ஒன்பதுக்குமேல் அறுந்திருந்தது. மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பின்னர் அவன் கணினியை வைஃபை வழியே அன்றிக் கம்பி வழியே ரூட்டரோடு இணைத்து, 'பிங்' என்னும் கட்டளையை ஓடவிட்டான். குறித்த முகவரிக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி, மறுமொழி வர எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்று ஓயாது காட்டும் கட்டளை அது. அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர், 1983 டிசம்பரில், தம் கூடத்து வலையமைப்பு விளங்காத முறையில் நடந்துகொள்வது கண்டு, ஒரே மாலையில் இதை எழுதி முடித்தார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையே பெயராயிற்று. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இதற்கு ஈடான எளிய கருவி இல்லை, காசும் வேண்டியதில்லை.

இரண்டு சாளரங்களில் இரண்டு முகவரிகள். ஒன்று 192.168.1.1, இது நம் ரூட்டரின் முகவரி. (சில வீடுகளில் 192.168.0.1 என்றிருக்கும்.) மற்றொன்று 8.8.8.8, கூகுள் நிறுவனம் உலகெங்கும் திறந்துவைத்துள்ள ஒரு பொது முகவரி. விண்டோஸ் கணினியில் முகவரிக்குப் பின் ஒரு சிறு கோடும் 'டி' என்னும் ஆங்கில எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். அறும் வேளையில் இரண்டும் மறுமொழி தராவிடில் பழுது ரூட்டரிலோ, கணினியை அதனோடு சேர்க்கும் கம்பியிலோ இருக்கலாம். ரூட்டர் மறுமொழி தந்து, வெளிமுகவரி மட்டும் வாய்மூடினால் பழுது ரூட்டருக்கு அப்பால்.

அன்று மாலை 6.41-க்கு ரூட்டர் ஒரு மில்லிவினாடியில் மறுமொழி தந்துகொண்டிருக்க, 8.8.8.8 வாய்மூடிற்று. அகப்பட்டது கள்ளன் என்று நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டோம். பேசி முடித்ததும் மகன் சொன்னான்: "அப்பா, ரூட்டருக்கு அப்பால் என்றால் தெரு மட்டும் இல்லையே. மேசைக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கிறதே."

மறுநாள் மாலை அவன் அப்பெட்டியின் எதிரே முக்காலியிட்டு அமர்ந்தான். ஒளி இழையில் பழுதிருந்தால் மின்விளக்கு எரிந்துகொண்டிருக்க, 'லாஸ்' என்று குறித்த விளக்கு சிவப்பாக மின்னும். அவன் கண்டது வேறு. விளக்குகள் அனைத்தும் ஒருசேர அணைந்தன. உடனே மின்விளக்கு மட்டும் எரிந்தது. ஏனையவை ஒவ்வொன்றாக மின்னி நிலைக்க மூன்று நிமிடம் ஆயிற்று. மின்சாரம் ஒரு கணம் அற்றுப்போய், பெட்டி புதிதாகத் தொடங்குகிறது என்பது விளங்கிற்று.

அதே வேளையில் சமையலறையிலிருந்து நம் துணைவியார், "இப்போது விளக்கும் ஒருமுறை மங்கிற்றே!" என்றார்.

அக்கணம் மோட்டார் விசைக்கருகே நின்றவர் நாம். பணி முடிந்து வந்ததும் மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றுவது நமது பல்லாண்டு வழக்கம். ஞாயிறு துணி துவைக்கும் நாளாதலின் இருமுறை ஏற்றுவோம். குறிப்பேட்டில் ஒன்பது மணிக்குமேல் அறுந்ததாக இருந்த இரண்டு நாள்களும் நாம் காலந்தாழ்ந்து வீடு திரும்பிய நாள்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு மீண்டும் இயக்கினோம், விளக்குகள் அணைந்தன. மகனிடம், பிழை நம்முடையது என்று சொன்னோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டான்.

மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது கொள்வதைப்போல் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது வீட்டின் மின்னழுத்தம் நொடிப்பொழுது தாழும். நல்ல அடாப்டர் தன்னுள் தேக்கிய மின்சாரத்தால் அந்நொடியைக் கடந்துவிடும். நம் ஒளிப்பெட்டியின் அடாப்டரோ ஆண்டுகள் பலவாக இரவும் பகலும் வெம்மையில் உழைத்தது. உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் மின்தேக்கி காலப்போக்கில் வலுவிழப்பது இயல்பு. 300 ரூபாயில் வேறு அடாப்டர் வாங்கினோம். வாங்குவோர் பழையதன்மேல் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு அதேயாகவும், ஆம்பியர் அளவு அதற்குக் குறையாமலும், செருகுமுனையின் குறி ஒத்தும் இருக்கப் பார்த்து வாங்க வேண்டும். மின்பணியாளரையும் அழைத்தோம். மோட்டாருக்குச் செல்லும் கம்பி ஓரிடத்தில் தளர்ந்து கருகியிருந்தது. இணையத்தைவிட அதுவே பெரிய ஆபத்து; சரிசெய்து, மோட்டாருக்குத் தனிக்கம்பி இழுத்துக் கொடுத்தார்.

எல்லா வீட்டிலும் மோட்டாரே காரணமாயிராது. ரூட்டர் அருகில் நன்றாக இருந்து பின்னறையில் மட்டும் அறுந்தால் குறை வைஃபை அலையில். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது அறுந்தால், அவ்வடுப்பும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பகுதியில் முட்டிக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாறினால் தீரும், ஆனால் அது சுவர்களைத் தாண்டிச் செல்வதில் வலுக்குறைந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அண்டை வீட்டு அலைகள் மோதுவதும் உண்டு, 2.4-இல் ஒன்றோடொன்று கலவாதவை 1, 6, 11 என்னும் மூன்று தடங்களே. சிவப்பு விளக்கு மின்னினால், இழை மேசைக்குப் பின் கூர்மையாக மடிந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். இழையைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டா. அவ்வொளி கண்ணுக்குப் புலப்படாது, ஆயினும் கண்ணுக்குத் தீங்கு செய்ய வல்லது.

பழுது வெளியேதான் என்று உறுதியானால், தேதியும் நேரமும் எழுதிய குறிப்பேட்டோடு முறையிடுங்கள்; முறையீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி, முறையீடு தீராவிடில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். அங்கே அந்த எண் இல்லாமல் பேச்செடுபடாது. நாம் கடுமையாகப் பேசிய நிறுவனத்துக்கு மறுநாளே அழைத்து, பழுது எம்முடையதே என்று தெரிவித்தோம். மறுமுனையில் இருந்த பெண் சற்றுத் திகைத்தார். அத்தகைய அழைப்பு அவருக்குப் பழக்கமில்லை போலும்.

மோட்டாரை இப்போது காலையில் இயக்குகிறோம். புதிய ரூட்டரைக் கடைக்காரர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். பழையது யாதொரு குறையுமின்றிப் பரணில் இருக்கிறது.