70 வயதினருக்கு ரூ.5 லட்சம் காப்பீடு: படுக்கைக்குப் பணம் உண்டு, பரிசோதனைக்கு?

ஹைதராபாத்: எழுபது வயது நிறைந்த எவரும், வருமானம் எவ்வளவு என்ற கேள்விக்கு உட்படாமல், ஆதார் அட்டையைக் காட்டி ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரையிலான மருத்துவக் காப்பீட்டைப் பெற வழிசெய்கிறது 'ஆயுஷ்மான் வய வந்தனா' அட்டை. 2024 செப்டம்பர் 11ஆம் தேதி மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. அக்டோபர் 29ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்தார். சுமார் 4.5 கோடி குடும்பங்களைச் சேர்ந்த 6 கோடி மூத்த குடிமக்கள் பயன்பெறுவர் என மத்திய அரசு மதிப்பிட்டது.

ஆனால், ஒருவர் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேரும்போதுதான் இந்த அட்டை பயன்படத் தொடங்குகிறது. அந்த நிலை வராமல் தடுக்கக்கூடிய ரத்த அழுத்தப் பரிசோதனை, சர்க்கரைப் பரிசோதனை, தடுப்பூசி ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. முதுமையில் வரும் பெரும் செலவுகளில் பல, முன்பே கண்டறிந்தால் தவிர்க்கக்கூடியவை என்பதால் இந்த இடைவெளி கவனம் பெற வேண்டியதாகிறது.

அட்டை எதற்குப் பொருந்தும்?

2018 செப்டம்பர் 23ஆம் தேதி ராஞ்சியில் தொடங்கப்பட்ட பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தின் விரிவாக்கமே இது. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள்கள், சிகிச்சைக் காலம், வீடு திரும்பிய பின் 15 நாள்கள் ஆகியவற்றுக்கான செலவை இத்திட்டம் ஏற்கிறது. புறநோயாளி சிகிச்சை, தனிப் பரிசோதனைகள், தடுப்பூசிகள் ஆகியவை விலக்குப் பட்டியலில் உள்ளன.

இதன் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே காப்பீடு கிடைக்கிறது. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் முதியோருக்கு விதிக்கும் காத்திருப்புக் காலம் இங்கு இல்லை. ஏற்கெனவே திட்டத்தில் உள்ள குடும்பங்களில் 70 வயது நிறைந்தோருக்கு மட்டும் தனியாக மேலும் ரூ.5 லட்சம் வழங்கப்படுகிறது. இதய அறுவைச் சிகிச்சையோ, இடுப்பு எலும்பு முறிவோ ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடாமல் காப்பது பெரிய உதவியே.

லோத்குண்டா காட்டும் சித்திரம்

செகந்திராபாத் கண்டோன்மென்ட்டை ஒட்டி, அல்வால் செல்லும் வழியில் உள்ள பகுதி லோத்குண்டா. மெட்ராஸ் ராணுவத்தின் காலத்திலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய வட்டாரம் செகந்திராபாத். இத்தகைய பகுதிகளில் ஒரே தெருவில் நான்கு விதமான காப்பீட்டு நிலைகளில் முதியோர் வாழ்வது இயல்பு.

முன்னாள் ராணுவத்தினருக்கு 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் (இ.சி.எச்.எஸ்.) உண்டு. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். உண்டு. உணவுப் பாதுகாப்பு அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு, 2007ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கப்பட்ட ஆரோக்கியஸ்ரீ உண்டு; அதன் உச்சவரம்பை 2023 டிசம்பர் 9ஆம் தேதி தெலங்கானா அரசு ரூ.10 லட்சமாக உயர்த்தியது. தனியார் நிறுவனங்களிலும் சிறு கடைகளிலும் உழைத்து ஓய்ந்தவர்களில் பலருக்கு இவற்றில் எதுவுமே இல்லை.

இவர்களுள் முதல் இரு பிரிவினர் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உள்ளது. இ.சி.எச்.எஸ். அல்லது சி.ஜி.எச்.எஸ். பயனாளிகள் அதையே தொடரலாம் அல்லது ஆயுஷ்மான் திட்டத்துக்கு மாறலாம். இரண்டில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். தனியார் காப்பீடோ, இ.எஸ்.ஐ. வசதியோ உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குகளிலும் சி.ஜி.எச்.எஸ். நல மையங்களிலும் புறநோயாளி ஆலோசனையும், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் போன்றவற்றுக்கான மாத மருந்துகளும் கிடைக்கின்றன. புதிய அட்டையின் ரூ.5 லட்சத்தை மட்டும் பார்த்து மாறுபவர், அன்றாடம் தமக்குத் தேவைப்படும் சேவையை இழக்க நேரிடும். ஓய்வூதியம் பெறும் முதியோரின் பிள்ளைகள் விண்ணப்பத்தை நிரப்பும் முன் இதை உறுதிசெய்துகொள்வது நல்லது.

எந்த வசதியும் இல்லாத நான்காவது பிரிவினருக்கு இந்த அட்டை புதிய பாதுகாப்பு. ஆயினும், 72 வயதான ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். பக்கவாதம் தாக்கி மருத்துவமனையில் சேர்த்தால், அட்டை பல ஆயிரம் ரூபாயைச் செலுத்தும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவரது கையில் பட்டையைச் சுற்றி அழுத்தத்தை அளக்க வேண்டிய பொறுப்பை அந்த அட்டை யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

சேராத இரு பாதிகள்

தடுப்பு மருத்துவத்தை மத்திய அரசு மறந்துவிட்டது என்று கூற இயலாது. ஆயுஷ்மான் பாரத் தொடக்கத்திலிருந்தே இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று காப்பீடு. மற்றொன்று, நாடு முழுவதும் 1.5 லட்சம் நல மையங்களை அமைப்பது. முதல் மையம் 2018 ஏப்ரல் 14ஆம் தேதி சத்தீஸ்கரின் பிஜாப்பூர் மாவட்டத்தில் உள்ள ஜாங்க்லாவில் திறக்கப்பட்டது. இவை இப்போது 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' எனப்படுகின்றன. 30 வயதைக் கடந்த அனைவருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றையும், 30 முதல் 65 வயது வரையிலானோருக்கு வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களையும் கண்டறியும் பணி இம்மையங்கள் வழியாக நடைபெறுகிறது.

இங்கே இரண்டு இடைவெளிகள் தென்படுகின்றன. காப்பீட்டு அட்டை 70 வயதில் தொடங்குகிறது. புற்றுநோய்ப் பரிசோதனையோ 65 வயதில் நின்றுவிடுகிறது. மிக முதிய வயதில் எல்லோருக்கும் புற்றுநோய்ப் பரிசோதனை செய்வது பயனளிக்காது என்பதற்கு மருத்துவக் காரணங்கள் உண்டு. ஆனால், அந்த வயதுக்குத் தேவையான பார்வை, செவித்திறன், நினைவாற்றல், தவறி விழும் அபாயம் ஆகியவற்றின் மதிப்பீடு அந்த இடத்தை நிரப்பவில்லை. ஆஷா பணியாளர்கள் வீடு வீடாக நிரப்பும் படிவத்தில், 60 வயதைக் கடந்தோர் நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாறுகிறார்களா, நெருங்கியவர்களின் பெயரை மறக்கிறார்களா என்ற கேள்விகள் இருக்கின்றன. கேள்விகள் உள்ளன, 'ஆம்' என்ற பதிலுக்குப் பின் என்ன நடக்க வேண்டும் என்பதைக் காப்பீட்டு அட்டை பேசவில்லை.

இரண்டாவது இடைவெளி, பணம் செல்லும் வழி. மருத்துவமனைக்கு நோயாளி சேர்ந்தால் தொகை கிடைக்கிறது. பக்கவாதம் ஒன்று தவிர்க்கப்பட்டால் எவருக்கும் கூடுதல் தொகை கிடைப்பதில்லை. எந்தப் பக்கம் கவனம் குவியும் என்பதை இந்தக் கணக்கே தீர்மானித்துவிடுகிறது.

மத்திய சுகாதார அமைச்சகமும் மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் 2017-18இல் நடத்திய முதியோர் ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தோரில் 75 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு நாட்பட்ட நோய் உள்ளது. நாட்பட்ட நோய்க்குத் தேவைப்படுபவை மாதந்தோறும் மாத்திரையும் அவ்வப்போது பரிசோதனையும்தான். இந்தச் செலவு முதியோரின் சொந்தப் பையிலிருந்தே செல்கிறது.

வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவு, முன்தடுப்பு உடல் பரிசோதனைக்கு ரூ.5,000 வரை கழிவு அனுமதித்துவந்துள்ளது. வரி செலுத்தும் அளவுக்கு வருவாய் உள்ளவருக்குக் கிடைத்த அந்தச் சலுகைக்கு இணையான ஒன்று, காப்பீட்டு அட்டையை மட்டுமே நம்பியிருப்பவருக்குக் கிடைத்ததில்லை.

மறுபக்க வாதம்

பரிசோதனைகளையும் காப்பீட்டில் சேர்த்தால் தீர்ந்துவிடுமா? அது அவ்வளவு எளிதன்று. ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனியார் மருத்துவமனைக்குப் பணம் என்ற நிலை வந்தால், தேவையற்ற பரிசோதனைகள் பெருகும் அபாயம் உள்ளது. இதற்கு ஆரோக்கியஸ்ரீயே சான்று. தேவையின்றிக் கருப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சைகள் செய்யப்படுவதாகப் புகார்கள் எழுந்ததை அடுத்து, ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேச அரசு அச்சிகிச்சையை அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியதாக மாற்றியது.

எனவே, தடுப்புப் பரிசோதனையை அரசின் ஆரம்ப நிலை மையங்களே செய்வதும், அதற்கான நிதியை நேரடியாக அவற்றுக்கு வழங்குவதும் பாதுகாப்பான வழி. ஹைதராபாத்தில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே உள்ளது. 2018இல் தொடங்கப்பட்ட பஸ்தி தவாகானாக்களில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். அங்கு எடுக்கப்படும் ரத்த மாதிரிகள் 'தெலங்கானா டயக்னாஸ்டிக்ஸ்' ஆய்வகங்களில் கட்டணமின்றிப் பரிசோதிக்கப்படுகின்றன. லோத்குண்டாவுக்கு அருகே அல்வாலில் 1,000 படுக்கை மருத்துவமனைக்கு 2022 ஏப்ரல் 26ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. பெரிய மருத்துவமனையின் படுக்கைகளை நிரப்பாமல் காக்கும் வேலை, சிறிய தவாகானாவில்தான் நடக்க வேண்டும்.

பிற இடங்களின் பாடம்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மருந்துகளும் இயன்முறை சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே செல்கின்றன. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதையும் இத்திட்டம் பெற்றது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான உச்சவரம்பு ரூ.1.20 லட்சம். வீடு தேடி வரும் மருந்துக்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை.

அமெரிக்காவில் 1965இல் உருவான மெடிகேர் திட்டமும் முதலில் வழக்கமான உடல் பரிசோதனைகளை ஒதுக்கியே வைத்திருந்தது. 1981இல் நிமோனியா தடுப்பூசி சேர்க்கப்பட்டது. ஆண்டுக்கொரு முறை கட்டணமில்லா நலச் சந்திப்பு 2011இல்தான் வந்தது. சிங்கப்பூர் 2023 ஜூலையில் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்துக்கு முதலில் அழைக்கப்பட்டவர்கள் 60 வயதைக் கடந்தோர். ஒரு மருத்துவரிடம் பதிவுசெய்துகொள்ளும் குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் இலவசம்.

செய்யக்கூடியது என்ன?

இந்தியாவில் இதற்குப் புதிய திட்டம் தேவைப்படாது. வய வந்தனா அட்டை வழங்கும் நாளிலேயே அந்த முதியவரை அருகில் உள்ள நல மையத்தில் பதிவுசெய்யலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, பார்வை, தடுமாற்றம் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒரு முறை சோதித்து, முடிவுகளை 14 இலக்க ஆபா எண்ணில் சேர்க்கலாம். அந்த எண்ணும், அட்டையும், மையமும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை இணைக்கும் உத்தரவுதான் எஞ்சியுள்ளது.

அதுவரை லோத்குண்டா முதியோர் செய்யக்கூடியது, அட்டையைப் பெற்றுக்கொள்வதோடு நின்றுவிடாமல், அருகில் உள்ள பஸ்தி தவாகானாவில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வது. காப்பீடு குறித்த ஐயங்களுக்கு 14555 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

வயது வரம்பை 60ஆகக் குறைக்க வேண்டும், தொகையை ரூ.10 லட்சமாக உயர்த்த வேண்டும் என நாடாளுமன்ற நிலைக்குழு 2025இல் பரிந்துரைத்தது. இரண்டுமே தேவையானவையாக இருக்கலாம். ஆனால், எத்தனை பேருக்கு, எவ்வளவு தொகை என்ற கேள்விகளோடு, எந்தக் கட்டத்தில் உதவி என்ற கேள்வியும் எழுப்பப்படாவிட்டால், அட்டை பெரிதாகும். அதைப் பயன்படுத்த நேரும் முதியோரின் எண்ணிக்கை குறையாது.